துரை ஜீப்பும் தோட்டத்து ஹோண்டாவும்

குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங் பக்கத்துப் பழைய தோட்டச் சாலைகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய லேண்ட் ரோவர்கள் வரிசை பிடித்துப் போவதுண்டு. புதிதாகப் பச்சைச் சாயம் பூசி, முன்பக்கம் கூடுதல் விளக்கு கட்டி, கூரைமேல் சாமான் தட்டு வைத்துப் பார்க்கவே கம்பீரமாக இருக்கும். சாப்பாட்டுக் கடை வாசலில் அவை நின்றால் இளைஞர்கள் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள். அதே சாலையில், பின்னிருக்கையில் மாட்டுக்குப் புல்லுக்கட்டு கட்டிக்கொண்டு, சாயம் வெளுத்த ஹோண்டா மோட்டாரில் ஒரு தமிழ்ப் பெரியவர் போவார். அவரை யாரும் படம் எடுப்பதில்லை.

இரண்டும் பழைய வண்டிகள். இரண்டுக்கும் ஜொகூர் பதிவான ஜே எழுத்துத்தான் பலகையில் முதலில் வரும். ஒரே செம்மண்ணில் புரண்டவை. ஒன்று நான்கு சக்கரமும் இழுக்கும், ஒரு டன்னுக்கு மேல் கனக்கும் இரும்பும் அலுமினியமும். மற்றது ஏறத்தாழ 55 கிலோ, மெலிந்த ஓர் ஆளின் எடை. பொறியியல் தெரிந்தவர்கள் இந்த இரண்டையும் ஒப்பிட உட்காரவே மாட்டார்கள். எனக்கோ ஜொகூர்த் தோட்டத் தமிழரின் கதையை நினைக்கும்போதெல்லாம் இவை இரண்டும் ஒன்றாகவே நினைவுக்கு வருகின்றன. அந்தக் கதையை எழுத உட்காருகிறவர் புல்லுக்கட்டு மோட்டாரிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் தோட்டத்தில் ஜீப்பு என்றே அழைத்த அந்த லேண்ட் ரோவரைச் சொல்லாமல் மோட்டாரின் அருமை விளங்காது.

லேண்ட் ரோவர் பஞ்சத்தில் பிறந்த வண்டி. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிரிட்டனில் எஃகு பங்கீட்டு முறையில்தான் கிடைத்தது. ஏற்றுமதி செய்கிற தொழிற்சாலைக்கே முதல் பங்கு. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கில்சி தீவில் இருந்த தம் நிலத்தில் போர்க்கால அமெரிக்க ஜீப் ஒன்றை வைத்து வேலை செய்துவந்தார். அது தேய்ந்துபோனால் பதிலுக்கு வாங்க ஒன்றுமில்லையே என்ற யோசனையில்தான் புதிய வண்டி முளைத்தது. முதல் மாதிரியை ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயே கட்டினார்கள். எஃகுத் தகடு போதாததால் உடம்புக்கு அலுமினியக் கலவை. சாயத்துக்குப் போரில் மிஞ்சிய ராணுவப் பச்சை. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதை உலகத்துக்குக் காட்டினார்கள். உழவனுக்கான வண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். என்ஜினின் சுழற்சியை வெளியே எடுத்துத் தண்ணீர் இறைக்கலாம், மரம் அறுக்கலாம், கதிர் அடிக்கலாம். பிரிட்டனில் நிலத்தில் வேலை செய்தவனே அதை ஓட்டினான்.

மலாயாவில் நிலத்தில் வேலை செய்தவன் அதை ஓட்டவே இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தில் ஒரு காலனியின் முழுக் கதையும் இருக்கிறது.

ஆம்ஸ்டர்டாம் கண்காட்சி திறந்து ஏழு வாரம் ஆவதற்குள், 1948 ஜூன் 16 அன்று, பேராக்கின் சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களுக்குள் மலாயா முழுவதும் அவசரகாலம். அது 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் கடைசி வரை கால் ஊன்றி நின்ற மாநிலங்களில் ஜொகூரும் ஒன்று. காட்டோரத்தில் சிதறிக் கிடந்த தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை ஒன்றுசேர்த்து முள்வேலி போட்டார்கள். வாசலில் காவல். இரவில் ஊரடங்கு. பால்மரக் காட்டுக்குப் போகிறவர்களை வாசலில் சோதித்தார்கள். கெரில்லாக்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று சில வட்டாரங்களில் மதியச் சோற்றைக்கூட வெளியே எடுத்துப் போக விடவில்லை. விடியலில் வேலி திறக்கும், மாலையில் மூடும். உள்ளே இருந்த தமிழர்களுக்கு இரண்டு பக்கமும் துப்பாக்கி.

அந்தக் காலத்தில்தான் தோட்டத்து வண்டிகளுக்குப் புதிய ஓர் உருவம் வந்தது. நிர்வாகிகள் தங்கள் வண்டிகளில் எஃகுத் தகடு பொருத்திக்கொண்டார்கள். பக்கத்தில் துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள். முதலில் போர்க்கால ஜீப்புகள், அவை ஓய்ந்தபோது லேண்ட் ரோவர்கள். தோட்டத்து ஜனத்துக்கு எல்லாமே துரை ஜீப்புதான். அவசரகாலம் முடிந்தது, தகடுகளைக் கழற்றினார்கள். வண்டியைக் கண்டதும் நிமிர்ந்து நிற்கிற பழக்கம் போகவில்லை. 1964 செப்டம்பரில், மலேசியாவோடு மோதலில் இருந்த இந்தோனேசியாவின் பாராசூட் வீரர்கள் ஜொகூரின் லாபிஸ் பக்கம் இறங்கியபோது அந்த வட்டாரத்துத் தோட்டத்து ஜனம் மறுபடியும் ராணுவத்தைப் பார்த்தது.

என் அப்பா குளுவாங்குக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எந்த நிரையில் நின்றாலும் ஜீப்பு எங்கே வருகிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். மேட்டில் ஏறும்போது பல்சக்கரம் அழும் ஓசை, இறக்கத்தில் அடங்கும் ஓசை, நின்றுவிட்டால் வரும் அமைதி. நின்றால் துரை இறங்கிவிட்டார் என்று அர்த்தம். அவர் மரத்தருகே வந்து வெட்டைப் பார்ப்பார். பட்டை தடிமனாகச் சீவப்பட்டிருக்கிறதா, உளி ஆழம் போய்க் காயம் விழுந்திருக்கிறதா, பால் வடியும் மங்கு சுத்தமாக இருக்கிறதா, வெட்டுக் கோட்டில் உறைந்த கோட்டுப் பால் எடுத்தாயிற்றா. காயம் இருந்தால் மேற்பார்வையாளரான மண்டோருக்கு ஏச்சு. அது அப்படியே கீழே இறங்கி வெட்டுக்காரரிடம் வந்து சேரும். துரைமாரில் கடுமையானவரும் உண்டு, நியாயமானவரும் உண்டு. வண்டியின் வேலை மாறுவதில்லை. நூற்றுக்கணக்கான ஏக்கர் பரப்பில் பிரிந்து கிடக்கும் ஆட்களை ஒரே மனிதர் ஒரே காலையில் பார்த்து முடிக்க வேண்டும். அதற்கு எந்தப் பாதையிலும் ஏறுகிற ஒரு வண்டி தேவைப்பட்டது. ஆட்கள் அவரவர் நிரையில் நிற்பார்கள், வண்டி அவர்களைத் தேடி வரும். அதன் ஆற்றல் முழுவதும் அந்த ஏற்பாட்டுக்காகவே செலவானது.

அந்த வண்டியின் மேல் எனக்கு வெறுப்பில்லை. ஓர் இயந்திரமாக அதைப் பார்க்கும்போது மதிப்புதான் வருகிறது. மஞ்சள் குமிழை அழுத்தினால் முன்சக்கரங்களும் இழுக்கத் தொடங்கும். சிவப்புத் தலை வைத்த கோலை இழுத்தால் வேகம் குறைந்து பலம் கூடும். மழைக்காலத்தில் செம்மண் குழம்பி லாரிகள் முழங்கால் ஆழம் புதைந்து நிற்கும் இடத்தில் அது மெல்ல ஊர்ந்து மேலேறி வந்துவிடும். அலுமினிய உடம்பு துருப்பிடிக்காது, எஃகு அடிச்சட்டம் துருப்பிடிக்கும். ஜொகூரின் ஈரத்தில் மேலே பளபளப்பாக நின்ற வண்டிகள் பல அடியில் அரித்துப் போயின. அதைக் கழற்றி, பற்றவைத்து, பாகம் கிடைக்காவிட்டால் தோட்டப் பட்டறையிலேயே பாகம் செய்து ஓட வைத்தவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். இன்று மெருகேற்றி ஓட்டப்படும் வண்டிகளின் வரலாற்றில் அவர்களுடைய பெயர் எங்கும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஜீப்பு உயிர்களையும் காப்பாற்றியிருக்கிறது. நடுராத்திரியில் பிரசவ வலி கண்டு குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போன பெண்கள், பாம்பு கடித்தவர்கள், காய்ச்சலில் வலிப்பு வந்த பிள்ளைகள். என் அத்தை ஒருவர் அதன் பின்பலகையில் படுத்துப் போய்த்தான் பிழைத்தார். அந்த நன்றியை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன் நடந்ததையும் சொல்வார். முதலில் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசரை எழுப்ப வேண்டும். அவர் வந்து பார்த்து, இங்கே முடியாது என்று சொல்ல வேண்டும். தோட்டத்து எழுத்தரான கிராணி வீட்டுக்கு ஓட வேண்டும். கிராணி துரையின் பங்களாவுக்குப் போக வேண்டும். பங்களாவில் விளக்கு எரிய வேண்டும். உயிர் போகிற நேரத்தில் மூன்று வாசல்களில் நின்று கேட்ட பிறகே சக்கரம் உருளும். துரை மறுத்ததாக அத்தை ஒருநாளும் சொன்னதில்லை. கேட்க வேண்டியிருந்தது என்பதைத்தான் சொன்னார்.

ஹோண்டா இங்கேதான் வருகிறது.

ஹோண்டா சூப்பர் கப் 1958 ஆகஸ்டில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. மலாயா சுதந்திரம் பெற்று அப்போது ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. அதை உருவாக்கியவர் சோய்ச்சிரோ ஹோண்டா. அது யாருக்காக, எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்தவர் அவருடைய கூட்டாளி தகேயோ ஃபுஜிசாவா. சோபா நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அதனால் இடக்கைக்குக் கிளட்ச் இல்லை. கியரைக் காலால் மாற்றினால் போதும், கிளட்ச் தானாக வேலை செய்யும். பாவாடை கட்டியவரும் சரோங் கட்டியவரும் ஏறி உட்காரும்படி நடுவில் தாழ்ந்த உடம்பு. சேறு கால்மேல் தெறிக்காமல் இருக்க முன்னால் பிளாஸ்டிக் மறைப்பு. சங்கிலி முழுவதும் மூடிக்கிடக்கும். குண்டும் குழியுமான சாலைக்கு ஏற்ற 17 அங்குலச் சக்கரம். 49 சிசி, நான்கு வீச்சு என்ஜின். அந்நாளைய சிறு மோட்டார்களைப் போல எண்ணெயைப் பெட்ரோலில் கலந்து ஊற்றும் தொல்லை கிடையாது. லேண்ட் ரோவரின் புகழ்பெற்ற பெட்ரோல் என்ஜின் 2,286 சிசி. நாற்பத்தாறு மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

அதை மலாயாவுக்குக் கொண்டுவந்தவர் பினாங்கின் லோ பூன் சியூ. சீனாவின் ஃபூஜியனில் பிறந்து, சிறுவனாகப் பினாங்கில் வந்திறங்கி, பள்ளிக்கூடம் பார்க்காமல், பேருந்து கழுவியும் பட்டறையில் பழகியும் மேலே வந்தவர். ஜப்பானில் அந்த வண்டியைப் பார்த்துவிட்டு ஹோண்டாவிடம் விற்பனை உரிமை வாங்கினார். ஏழை மனிதனுக்கு என்ன வண்டி வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

தோட்டத்துக்கு ஹோண்டா மேலிருந்து கீழே இறங்கி வந்தது. முதலில் கிராணி, டிரசர், தமிழ்ப்பள்ளி வாத்தியார். அவர்களுக்குப் பிறகு மண்டோர். வெட்டுக்காரர்கள் அதுவரை சைக்கிளில்தான் பால் சுமக்கும் காண்டாவாளியையும் உளியையும் மாட்டிக்கொண்டு போனார்கள். எழுபதுகளில் மெல்ல மெல்ல, டவுனில் கிஸ்திக்கு மோட்டார் கொடுக்கும் கடைக்காரர்கள் தோட்டத்துச் சம்பளக்காரர்களையும் ஏற்கத் தொடங்கினார்கள். ஜாமீனுக்கு ஒரு கையெழுத்து, மாதம் ஒரு தொகை. கணவன் மனைவி இருவர் சம்பளமும் சேர்ந்தால், பெரிய பிள்ளையும் வெளிக்காட்டு வேலைக்குப் போனால், கட்டிவிடலாம். பல குடும்பங்களில் நகைக்கு அடுத்தபடியாக, சில குடும்பங்களில் நகைக்கும் முன்பாக, பெயர் எழுதிய சொத்து என்று வந்தது அந்த மோட்டார்தான். வீடு தோட்டத்துடையது. மரம் தோட்டத்துடையது. காய்கறி போட்ட கொல்லை நிலமும் தோட்டத்துடையது. ஹோண்டாவின் உரிமைச் சான்றான கிராண்ட் காகிதத்தில் மட்டும் அப்பாவின் பெயர் இருந்தது.

அந்தச் சின்ன வண்டி எதையெல்லாம் மாற்றியது என்பதை நாம் இன்னும் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை.

தோட்டத்துக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். டவுன் எட்டாத தூரத்தில் இருக்கும்வரை அந்த ஒரே கடையில்தான் அரிசியும் பருப்பும் கருவாடும் கடனுக்கு வாங்க வேண்டும். விலையைக் கடைக்காரரே வைப்பார். சம்பள நாளில் கணக்குப் புத்தகத்தோடு அவர் முன்னால் நிற்பார். மோட்டார் வந்ததும் சம்பளத்தன்று மாலையே டவுனுக்குப் போய், இரண்டு கடையில் விலை கேட்டு, மாதச் சாமானைக் கட்டிக்கொண்டு வரலாம். கடன் ஒரே நாளில் ஒழியவில்லைதான், ஆனாலும் பேரம் பேசும் உரிமை வந்தது. கள்ளுக்கடையில் கரைந்த காசில் ஒரு பங்கைக் கிஸ்தி கட்ட வேண்டிய கட்டாயம் பிடுங்கிக்கொண்டது என்று என் தலைமுறைப் பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது. மோட்டாரிலேயே போய்க் குடித்து, வழியில் விழுந்தவர்களும் இருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் டவுனில் இடைநிலைப்பள்ளி, முதல் ஆண்டு மொழிமாற்றத்துக்கான ரிமூவ் வகுப்பு. தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்குப் போகவே சில மைல். பையன்கள் சைக்கிளில் போனார்கள் அல்லது நடந்தார்கள். பெண்பிள்ளைகளை அந்த இருட்டில் அனுப்ப வீட்டில் பயந்தார்கள். பலருடைய படிப்பு அங்கேயே நின்றது. மோட்டார் உள்ள வீட்டில் அப்பாவோ அண்ணனோ விடியலில் பேருந்து நிற்கும் இடம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, காலைப் பெயர்ப் பதிவான பெரட்டுக்குத் திரும்பிவிட முடியும். என் அக்கா படித்தது அப்படித்தான். மழை பெய்தால் அப்பாவின் மழைக்கோட்டுக்குள் புகுந்துகொண்டு, புத்தகப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு போவாள். இன்று ஆசிரியைகளாகவும் தாதியர்களாகவும் இருக்கும் தோட்டத்துப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களில் பலருடைய சான்றிதழுக்குப் பின்னால் ஓர் ஓட்டை ஹோண்டா இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று வாசல் கேட்க வேண்டியிருந்ததே, அதுவும் மாறியது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அம்மா பின்னால் ஏறிக்கொள்வார், பிள்ளை நடுவில். யாரையும் எழுப்ப வேண்டாம். அது பாதுகாப்பான பயணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எப்போது புறப்படுவது என்று தாயும் தகப்பனும் தீர்மானித்தார்கள்.

ஜீப்பு எங்கும் போகக் கூடிய வண்டி என்று பெயர் பெற்றது. ஆறு, சேறு, மலை எதுவும் அதற்குத் தடையில்லை. அப்படிப்பட்ட வண்டி எங்கள் தோட்டத்தில் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை எல்லைக்கற்களுக்கு உள்ளேயே சுற்றிக் கழித்தது. சாதாரணச் சாலைக்காகச் செய்த ஹோண்டாதான் எல்லையைத் தாண்டியது.

அந்தத் தாண்டலின் காலத்தையும் சொல்ல வேண்டும். அறுபதுகளிலிருந்தே ஜொகூரில் பால்மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டு வந்தார்கள். செம்பனைக்கு ஏக்கருக்குத் தேவைப்படும் ஆள் குறைவு. 1981 பிப்ரவரியில் குளுவாங் பக்கத்துப் பமோல் நிறுவனத் தோட்டத்தில் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன வண்டைத் திறந்துவிட்டார்கள். பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரகுமான் சையத் ஆராய்ந்து கண்டுபிடித்த மகரந்தம் பரப்பும் வண்டு அது. அதுவரை செம்பனைப் பூவுக்கு மகரந்தப் பொடியைக் கையால் தூவும் வேலை தோட்டங்களில் ஆட்களுக்கு இருந்தது. வண்டு பரவியதும் அந்த வேலை இல்லாமல் போனது. விளைச்சல் ஏறியது, ஆள் குறைந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று லண்டன் பங்குச்சந்தையில் ஒரே காலையில் பிரிட்டிஷ் தோட்ட நிறுவனமான கத்ரி மலேசியர் கைக்கு வந்தது. துரை போய் மானேஜர் வந்தார். லேண்ட் ரோவர் போய் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. வண்டி வந்தால் நிமிர்ந்து நிற்பது அப்படியே இருந்தது.

மறுபக்கம் 1977இல் பாசிர் கூடாங் துறைமுகம் திறந்து, சுற்றிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. செனாயிலும் கூலாயிலும் ஸ்கூடாயிலும் ஆலைகள். ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர். தோட்டத்தை விட்டு வெளியேறுவது என்றால் மூட்டை கட்டிக்கொண்டு ஒரே நாளில் போய்விடுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஜொகூரில் நான் பார்த்தது வேறு. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலையை விட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால் அம்மாவோ அப்பாவோ தோட்டத்து வேலையில் தொடர்ந்து நிற்பார்கள், வீடு கையில் இருக்கும். பிள்ளைகள் ஹோண்டாவில் ஆலைக்குப் போய் இரவில் திரும்புவார்கள். பல ஆண்டுகள் இப்படி இரண்டு உலகத்திலும் கால் வைத்துப் பிழைத்துத்தான் டவுனில் ஒரு மலிவு வீட்டுக்கு முன்பணம் சேர்த்தார்கள். ஒரு கால் தோட்டத்துக்குள்ளும் ஒரு கால் வெளியிலும் வைக்க உதவிய பாலம் அந்த மோட்டார். 2006இல் இஸ்கந்தர் வளர்ச்சித் திட்டம் வந்து ஜொகூர் பாருவைச் சுற்றிய நிலத்தின் விலை ஏறி, தோட்டங்கள் குடியிருப்புப் பகுதிகளான தாமான்களாக மாறியபோது, முன்பே வெளியே கால் வைத்தவர்கள் தப்பித்தார்கள். வைக்காதவர்களின் நிலை மோசம். அவர்களுக்காக நாம் போதுமான அளவு பேசவில்லை.

இந்த விடுதலைக்குக் கொடுத்த விலை மிகப் பெரியது. பல ஆண்டுகளாக மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டாரில் போனவர்கள். 1973இல் தலைக்கவசம் கட்டாயமானது. 1992இல் பகலிலும் மோட்டார் விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம் வந்தது. இரண்டும் உயிர்களைக் காத்தன, ஆனால் போதவில்லை. ஜொகூரில் தமிழர் வாழும் எந்தத் தாமானுக்குள் போனாலும் மோட்டார் விபத்தில் மகனை இழந்த ஒரு வீடு இருக்கும். ஜீப்பில் போனவருக்குச் சுற்றிலும் தகடு இருந்தது. ஹோண்டாவில் போனவருக்குத் தன் எலும்புதான் தகடு. இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு ஹோண்டாவைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

நேரமும் ஒரு விலை. அதிகாலையில் ஜொகூர்ப் பாலத்துக்குப் போய்ப் பாருங்கள். 1924இல் திறந்த, ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் அந்தக் கல்பாலத்தையும் 1998இல் வந்த இரண்டாம் இணைப்பையும் கடக்கும் கூட்டத்தில், இருட்டோடு இருட்டாக கப்சாய் எனப்படும் ஆயிரக்கணக்கான சிறு மோட்டார்கள் நெருக்கிக்கொண்டு போகின்றன. அவற்றில் தமிழ் முகங்கள் எத்தனை! அவர்களுடைய தாத்தா பாட்டி விடியுமுன் எழுந்து பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்தார்கள். பேரன் அதே நேரத்தில் எழுந்து கடப்பிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறப்படுகிறான். கூலி பல மடங்கு, நாணயம் வேறு, மேலாளர் வேறு. விடியலைத் தன் பிள்ளைகளோடு பார்க்காத வாழ்க்கை மட்டும் மாறவில்லை. 2020 மார்ச் 18 அன்று கொரோனாவால் எல்லை மூடியபோது சிங்கப்பூர்ப் பக்கம் மாட்டிக்கொண்டவர்கள் பலர் குடும்பத்தை நீண்ட காலம் பார்க்கவில்லை. 2022 ஏப்ரல் 1 நள்ளிரவில் பாலம் திறந்தபோது முன்னால் பாய்ந்தவை மோட்டார்கள். ஹாரன் அடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு, அழுதுகொண்டு போனார்கள்.

ஆகவே ஹோண்டா எங்களை விடுதலை செய்தது என்று ஒரே வரியில் எழுதிவிட நான் தயாராக இல்லை. முதலாளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தந்தது என்று எழுதுவேன். பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது, எந்தக் கடையில் வாங்குவது, எந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று தீர்மானிக்கும் உரிமையைத் தந்தது என்று எழுதுவேன். மூன்று தலைமுறையாக அந்த உரிமை இல்லாமல் இருந்த மக்களுக்கு அது சிறிய உரிமை ஆகாது.

உலகமும் இரண்டு வண்டிகளையும் தன் முறையில் எடைபோட்டிருக்கிறது. பிரிட்டனின் சோலிஹல் ஆலையில் லேண்ட் ரோவரின் பழைய வடிவத்தின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29 அன்று வெளியே வந்தபோது மொத்தம் ஏறத்தாழ இருபது லட்சம் செய்திருந்தார்கள். சூப்பர் கப் 2017இல் பத்துக் கோடியைத் தொட்டது. அதன் உருவத்தையே வணிகச் சின்னமாக ஜப்பான் 2014இல் பதிவு செய்தது. லேண்ட் ரோவரின் வடிவத்துக்கு அப்படிப் பதிவு கேட்டபோது லண்டன் நீதிமன்றம் 2020இல் மறுத்துவிட்டது. இதையெல்லாம் வெற்றி தோல்வியாக நான் சொல்ல வரவில்லை. அந்தப் பத்துக் கோடியில் ஜொகூர்த் தோட்டங்களில் ஓடியவை எத்தனை என்பது எந்தக் கணக்கிலும் தனியாக இல்லை. அந்தக் கணக்கை நாம்தான் எழுத முடியும்.

லேண்ட் ரோவரைப் பாதுகாக்க ஆட்கள் இருக்கிறார்கள். அது பாதுகாக்கப்படட்டும், அதை ஓட வைத்த தமிழ்ப் பட்டறைக்காரர்களின் பெயரையும் அதோடு சேர்த்து எழுதட்டும். தோட்டத்து ஹோண்டாவுக்கு அப்படி யாரும் இல்லை. அது ஓடித் தேய்ந்து, பாகம் பாகமாகப் பிரிந்து, பழைய இரும்புக்குப் போய்விட்டது. போன வண்டி திரும்பாது. ஆனால் கிராண்ட் காகிதம் பல வீடுகளில் பிறப்புச் சான்றிதழோடும் பழைய தோட்டத்துச் சம்பளச் சீட்டோடும் ஒரே பிஸ்கட் டின்னில் இன்னும் இருக்கிறது. அதை எடுத்துப் பாருங்கள். எந்த ஆண்டு, எந்தக் கடையில், யாருடைய ஜாமீனில் வாங்கியது, முதலில் யாரை எங்கே ஏற்றிப் போனது, யார் அதில் போய்த் திரும்பவில்லை என்று அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டு ஒரு பக்கமாவது எழுதி வையுங்கள். கேட்டால் சொல்லக் கூடியவர்கள் இப்போது எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். அடுத்த பள்ளி விடுமுறையிலேயே கேளுங்கள்.